கோடி போட்ட கை

ரயில்வே கேட்டுல ஒரு ஆளு நிக்கிறாருன்னு ஆரம்பிச்சதுமே ரெண்டு பேரு முன்னாடி நகந்து உக்கார்றீங்க, தெரியுது. ரயிலு வரும், இவரு குனிவாரு, அப்புறம் உச்சுக் கொட்டலாம்னு வாயை ரெடியா வெச்சிருக்கீங்க. அதெல்லாம் ஒண்ணும் கெடையாது. இந்தக் கதையில யாரு மேலயும் ரயில் ஏறாது. ஆளு பேரு பூவராகன், பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுல தனியார் பஸ்ஸுக்கெல்லாம் டைம் கீப்பரு, கல்யாண வீட்டுல எல்லாரு மாதிரியும் பேசிக் காட்டுறவருன்னு சொன்னா, சரி சிரிப்புக் கதைன்னு இன்னும் சில பேரு சாஞ்சு உக்காருவீங்க. சிரிங்க, யாரு வேணாம்னா. நடுவுல எங்கயாவது அது தொண்டையில நின்னுக்கிச்சுன்னா எங்கிட்ட வராதீங்க. நடக்கப் போறது இவ்ளோதான்: வெயில் ஏறுற நேரம், ஒரு ஆளு, ஒரு பழைய மொபெட்டு, முன் கொக்கியில ஒரு ஜவுளிக்கடைப் பை, எதுக்க மூடுன கேட்டு. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ரிஜிஸ்டர் ஆபீசு. அங்க அவரு தங்கச்சி குமுதவல்லி கல்யாணத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கா. அம்பது வயசு தங்கச்சி. ரெண்டாவது கல்யாணம். இப்ப நிமிந்து உக்காந்தீங்க பாருங்க.

கேட்டு எறங்கறப்பவே பூவராகனுக்கு உள்ளுக்குள்ள என்னமோ ஒண்ணு லேசாச்சு. அது என்னன்னு அவரு திரும்பிப் பாக்கல. வண்டிய ஓரங்கட்டி, எஞ்சின அணைச்சு, சாவிய எடுத்து சட்டைப் பையில போட்டாரு. எஞ்சினை அணைக்கவும்னு போர்டுல எழுதிருக்கான், அணைக்கணும். பக்கத்துல எவனும் அணைக்கல. கேட்டு முழுசா எறங்கறதுக்குள்ளயே பால் கேன் கட்டுன ஒருத்தன் தலையச் சாய்ச்சுப் பூந்து போயிட்டான். எறங்குனதுக்கு அப்புறம் ஒரு டீச்சரம்மா முந்தானைய இடுப்புல சொருகிக்கிட்டுக் குனிஞ்சு போச்சு. ஒரு போலீஸ்காரரு தொப்பியக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு, சட்டத்துக்குக் குடுக்க வேண்டிய மரியாதையக் குடுத்துட்டு, குனிஞ்சு போனாரு. காலேஜ் பையன் ஒருத்தன் பைக்கையே படுக்க வெச்சு இழுத்துட்டுப் போனான், ஆட்டுக்குட்டிய இழுத்துட்டுப் போற மாதிரி. பூவராகன் குனிய மாட்டாரு. ஊருக்கே தெரிஞ்ச விசயம். அவரு விசில் ஊதுனா கடலூர் வண்டி நகந்தாகணும், டிரைவரு வாயில பாதி வடை இருந்தாலும் சரி. நேரம்னா நேரம், கோடுன்னா கோடு. கேட்டுக்குப் பக்கத்துல கூடையில பலாச்சுளை வெச்சுக்கிட்டு ஒரு அம்மா உக்காந்துருக்கு. ஈ ஓட்டுற தட்டிய நிறுத்தாமயே கேட்டுச்சு: "சுளை சாப்புடுறீங்களாண்ணே? நீங்க இன்னும் குனியக் கத்துக்கல?" பூவராகன் சிரிச்சாரு. வெயில்ல பலாப்பழ வாசனை ஒரு மாதிரி கெறக்கமா மூக்குல ஏறுது, கல்யாண வீட்டு வாசனை, சாவு வீட்டு வாசனையும் இதேதான், பழம் ரொம்பப் பழுத்தா ரெண்டும் ஒண்ணுதான். போன் அடிச்சுது. குமுதா. "அண்ணே, எங்க இருக்க?" "கேட்டு போட்டுட்டான்மா." எவ்ளோ சுளுவா வருது பாரு வாயில, பொய்யும் இல்ல. "சரி சரி. நீ குனிய மாட்ட. தெறந்ததும் வா. நம்பி சாரு பேனா ரெண்டு வாங்கி வெச்சிருக்காரு, ஒண்ணு எழுதலன்னா இன்னொண்ணாம். அவரு சிநேகிதர் ஒருத்தரும் சாட்சிக்கு வந்துருக்காரு. ஆனா நம்ம பக்கம் ஒரு ஆளாவது வேணும்ல, நீ வந்துருவல்ல?" வந்துருவேன்மா. வந்துட்டே இருக்கேன். வந்துட்டே இருக்கேன்னு சொல்றவன் நின்ன எடத்துல நிக்கிறான்.

குனிஞ்சு போறவங்கள ஒவ்வொருத்தரா மனசுக்குள்ள செஞ்சு பாத்தாரு பூவராகன். அது பழக்கம், பல்லு குத்துற மாதிரி. போலீஸ்காரரு குனியறப்ப ஒரு முக்கல் வந்துச்சே, அது மூக்குலேருந்து வரணும், தொண்டையிலேருந்து வந்தா தப்பு. டீச்சரம்மா அந்தப் பக்கம் போயி நிமிந்ததும் நாலு பக்கமும் ஒரு பார்வை பாத்துச்சு, யாரும் பாக்கலன்னு இல்ல, எல்லாரும் பாத்துட்டாங்கன்னு தெரிஞ்சதும் அடுத்த நொடி எல்லாரையும் மன்னிச்ச மாதிரி ஒரு மொகம். அந்த மொகத்துக்கு ஒரு மூச்சு தாமதிக்கணும், அப்பதான் சனம் சிரிக்கும். எல்லாரையும் செஞ்சாச்சு. கேட்டுல நிக்கிற பூவராகன மட்டும் செய்ய வரல. அவன் எப்புடி நிப்பான், எப்புடிப் பேசுவான். குமுதா அதத்தான் கேட்டா. பொங்கல் முடிஞ்ச வாரம், அவ தையக்கடையில. தையல் மிஷின் சக்கரத்த உள்ளங்கையால நிறுத்திட்டு, "அண்ணே, ஒண்ணு சொல்லுவேன், சிரிக்கக் கூடாது"ன்னா. ட்ராயிங் மாஸ்டரா இருந்து ரிட்டையரான அறிவுடைநம்பி சார் இருக்காருல்ல, பொண்டாட்டி தவறிப் போயி தனியா இருக்காருல்ல, அவரு சட்டை பட்டன் வெக்கக் குடுக்க வருவாரு, வாரத்துக்கு ஒரு பட்டன். "தானா அறுந்ததில்லண்ணே. அவரே அறுத்துட்டு வர்றாரு. எனக்கு மொதலேயே தெரியும். நூலு பாத்தா தெரியாதா?" சொல்லிட்டு அவ மொகம் செவந்துச்சு. அம்பது வயசு மொகம் செவந்து பாத்தது அன்னிக்குத்தான். உடனே என்ன பண்ணாரு? ரெண்டு இருமல் இருமுனாரு. தோள்ல இல்லாத துண்ட ஒதறுனாரு. கோதண்டம் சித்தப்பா வந்துட்டாரு கடைக்குள்ள. "குமுதவல்லீ. நான் ஒண்ணும் சொல்லலம்மா. ஊரு சொல்லும். இந்த வயசுல தொணை வேணுங்கற, நல்லது. சாயங்காலம் சீரியலு பத்தலியா?" அந்த 'நல்லது'வுக்கு அப்புறம் சரியா ஒரு கொட்டாவி அளவு எடைவெளி விட்டாரு. குமுதா சிரிச்ச சிரிப்புல கத்தரிக்கோல் கீழ விழுந்துச்சு. கண்ணத் தொடச்சுக்கிட்டா. அப்புறம் கேட்டா. "சரி, இது சித்தப்பா. நீ என்னாண்ணே சொல்ற?" பூவராகன் பொண்டாட்டி தனம் மாதிரி பேசிக் காட்டுனாரு. அதுக்கும் சிரிச்சா, கொஞ்சம் கொறைச்சலா. "சரி. நீ?" செங்கமலம் அத்தை மாதிரி பேசிக் காட்டுனாரு. அவ சிரிக்கல. சக்கரத்துலேருந்து கையை எடுத்தா. மிஷின் மறுபடி ஓடுச்சு.

கூட்ஸோ பாசஞ்சரோ, தூரத்துல தண்டவாளம் லேசா பாடுது. அன்னிக்கு தையக்கடையிலேருந்து அவரு கெளம்புனப்ப அவ எழுந்து வாசல் வரைக்கும் வந்தா. "நீ ஒண்ணும் சொல்ல வேணாம்ணே. வந்தாப் போதும். ஒண்ணே ஒண்ணு. அன்னிக்கு எனக்குக் கோடி போட்டது நீதான. அதே கையால ஒரு சேலை எடுத்துட்டு வா. அதக் கட்டிக்கிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். பார்டர் வெச்சது பாத்து எடு." பார்டர். அந்த ஒரு வார்த்தை அவரு காதுல ஊக்கு மாதிரி ஏறிக்கிச்சு. மாப்புள சக்கரபாணி செத்தப்ப குமுதாவுக்கு முப்பத்தஞ்சு முடியல, வயித்துல புள்ளையும் இல்ல. புருசன் செத்தா பொறந்த வீட்டுலேருந்து ஒரு புதுச் சேலை போகணும், அதத் தோள்ல போடணும், கோடின்னு பேரு, பொறந்த வீடு போடுற கணக்குல அதுதான் கடைசி நல்ல சேலை. அப்பா இல்ல, அண்ணன்தான் எடுக்கணும். ஜவுளிக்கடையில பூவராகன் நுழைஞ்சதும் கடைக்காரரு பல்லு தெரியச் சிரிச்சுக்கிட்டு "வாங்க வாங்க, யாரு மாதிரி பேசப் போறீங்க இன்னிக்கு"ன்னாரு. கோடிண்ணே, அப்டின்னதும் அந்தச் சிரிப்ப அவரு மடிச்ச விதம், துணிய மடிக்கிற மாதிரி, நாலா மடிச்சு உள்ள வெச்சுட்டாரு. எழுந்து வேற அலமாரிக்குப் போனாரு. எல்லாக் கடையிலயும் அந்த அலமாரி இருக்கு, கேட்டாத்தான் தெறப்பாங்க. போற வழியில பூவராகன் கண்ணு ஒரு பச்சையில நின்னுச்சு. வாழக் குருத்துப் பச்சை, குமுதாவுக்கு அது எடுப்பா இருக்கும். கை கூடப் போச்சு. போன கை திரும்பி வந்துச்சு. சித்தப்பா சொல்லி அனுப்பிருந்தாரு, நான் ஒண்ணும் சொல்லலப்பா, பார்டர் இல்லாமப் பாத்து எடு, ஊரு பாக்கும். சாம்பக் கலருல ஒண்ண எடுத்துட்டு வந்தாரு. பொம்பளைங்க நடுவுல அவ உக்காந்துருந்தா. தோள்ல போட்டாரு. சேலை தோள்ல பட்ட அந்த நேரத்துக்குச் சரியா ஒப்பாரி தூக்கிச்சு, யாரோ விசில் ஊதுன மாதிரி. அந்த எரைச்சல்ல அவ தலையத் தூக்கி, அவருக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னா. "பார்டரே இல்லையேண்ணே." குறையாச் சொல்லல. சின்ன வயசுல குச்சி ஐஸு கையில குடுத்ததும் உருகிப் போயிடுச்சுன்னா ஒரு குரல்ல சொல்லுவாளே, அந்தக் குரலு. ஊருல இருக்குற எல்லாரு குரலும் தொண்டையில இருக்கு அவருக்கு. அதுவும் இருக்கு. அத மட்டும் ஒரு நாளும் வெளிய விட்டதில்ல.

தடதடன்னு பாசஞ்சர் வந்து போச்சு. சன்னலுக்கு ஒரு மொகமா ஓடி, காத்து அடிச்சு, ஜவுளிப் பை படபடத்துச்சு, ஒரு கையால அதப் புடிச்சுக்கிட்டாரு. கேட்டு மேல எழுந்துச்சு. ரெண்டு பக்கமும் ஒரே எரைச்சல், எல்லாரும் ஒரே நேரத்துல தான் மட்டும்தான் போவணுங்கற மாதிரி ஆரன் அடிக்கிறானுங்க, இந்தப் பக்கத்து ஆளு அந்தப் பக்கத்து ஓரத்துலயும் அந்தப் பக்கத்து ஆளு இந்தப் பக்கத்து ஓரத்துலயும் ஏறி நடுவுல ஒரு முடிச்சு. பூவராகன் ஒழுங்கா தன் பக்கத்துலயே நின்னாரு. மொபெட்ட உதைச்சாரு. பிடிக்கல. மறுபடி உதைச்சாரு. சக்குன்னுச்சு, அடங்கிருச்சு. வெயில்ல நின்னா இது இப்புடித்தான் பண்ணும், வயசான வண்டி, நமக்கு மட்டும் என்ன. பின்னாடி ஆட்டோக்காரன் "பெருசு, ஓரமா உருட்டு"ன்னான். ஓரமா உருட்டுனாரு. இன்னொரு உதை. முடிச்சு அவுந்து எல்லாம் போயிட்டிருந்துச்சு, உருட்டிக்கிட்டே கூடப் போயிருக்கலாம், நடக்குற தூரந்தான், ஆனா வண்டிய உருட்டிக்கிட்டு வேர்த்து விறுவிறுத்துத் தங்கச்சி கல்யாணத்துக்கு எவன் போவான், அதுல ஒரு மரியாதை வேணாமா. மணி அடிச்சுது. கேட்டு மறுபடி எறங்குச்சு. எதிர்லேருந்து கூட்ஸு வருதாம், கிராசிங்கு. சரி. என்ன பண்றது. நாம என்ன பண்ண முடியும். சட்டைப் பையில என்னமோ நெஞ்சுல குத்துச்சு, தடவிக்கிட்டாரு. பலாச்சுளைக்காரம்மா தட்டிய நிறுத்திட்டு அவரையே பாத்துச்சு. "வண்டி எழுந்திரிக்கலியாண்ணே?" "சூடாயிடுச்சு." "நெழல்ல நிறுத்துங்க." நிறுத்துனாரு. நெழல்ல நல்லா இருந்துச்சு. நல்லா இருக்கறதே ஒரு மாதிரி தப்பா இருந்துச்சு.

குனிஞ்சு போறவன் ஒருத்தனும் எதையும் யோசிக்கல, அதத்தான் பூவராகன் பாத்துக்கிட்டிருந்தாரு. சட்டம் போட்டு, மஞ்சளும் கறுப்புமா பெயிண்டு அடிச்சு, குறுக்க கடந்தா ஜெயிலுன்னு எழுதி வெச்சிருக்கு. இடுப்ப வளைச்சுட்டுப் போறான், எவனும் அவன ஒரு வார்த்தை கேக்கல, சாயங்காலம் வீட்டுல சோறு போடுறாங்க. குமுதாவக் கட்டிக்கக் கூடாதுன்னு எந்தப் போர்டுலயும் எழுதல. அந்தப் பக்கம் ஆபீசுல கவர்மெண்டே நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டு வாம்மா, வந்து கையெழுத்துப் போடுன்னுது. எழுதாத அந்தக் கேட்டுக்கு எங்க குனியறது, எந்தப் பக்கம் பூர்றது. காலையில சட்டை மாட்டிக்கிட்டிருந்தப்ப தனம் அடுப்படியிலேருந்து திரும்பாமயே சொன்னா: "போறதுன்னா போங்க. போனேன்னு எங்கிட்ட வந்து சொல்லாதீங்க." அவ கெட்டவ இல்ல. குமுதாவுக்குக் கருவாட்டுக் கொழம்பு பிடிக்கும்னு, அது வெக்கிறப்பல்லாம் அவளுக்கு ஒரு கிண்ணம் எடுத்து வெப்பா. ஆனா பொண்ணு தாரிணிக்கு எடம் வந்துருக்கு. சித்தப்பா மூலமா வந்த எடம், நல்ல பையன், அடுத்த வாரம் பாக்க வர்றாங்க. நேத்து சித்தப்பா போன்ல. இருமல், இருமல். "பூவராகா, என்னமோ காதுல விழுந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லலப்பா. அவ செய்யிறது அவ இஷ்டம். நீ அங்க போயி நிக்கிறதுதான் ஊருக்குத் தெரியணும்னு இல்ல பாரு. பொண்ணப் பெத்தவன்." பொண்ணப் பெத்தவன்ங்கற எடத்துல நிறுத்துனாரு பாரு, ஒரு நிறுத்து. நாப்பது வருசமா அவரக் கிண்டல் பண்ணி நான் பொழச்சுருக்கேன்னு நெனச்சுக்கிட்டாரு பூவராகன், கடைசியில டைமிங்கு அவருதுதான். பஸ்ஸுக்கு நான் விசில் ஊதுறேன், எனக்கு அவரு ஊதுறாரு. தாரிணி செருப்பு மாட்டிக்கிட்டிருந்துச்சு, வேலைக்குக் கெளம்ப. "அப்பா, அத்தைய நான் கேட்டேன்னு சொல்லு"ன்னுச்சு அம்மாவுக்குக் கேக்காம. அதுக்குப் பயம் இல்ல. அதுக்காகப் பயப்படுறேன்னு நான் சொல்லிக்கிறது அதுக்கே தெரியாது. வாசப்படி தாண்டுறப்ப போயிட்டு வர்றேன்னு சொல்ல வாயெடுத்து, யாருகிட்ட சொல்றதுன்னு தெரியாம, சொல்லாமயே எறங்குனாரு. வெளிய வந்ததுக்கு அப்புறந்தான் உறைச்சுது. சாவு வீட்டுலேருந்து கெளம்பறப்பதான் அப்புடிச் சொல்லாமக் கெளம்புவாங்க.

கூட்ஸு வந்துச்சு. கூட்ஸுக்கு அவசரம் கெடையாது. பெட்டி பெட்டியா, பெட்டி பெட்டியா, ஒரு மொகமும் இல்லாம போயிட்டே இருந்துச்சு. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எடைவெளி, அந்த எடைவெளியில அந்தப் பக்கம் ஒரு துண்டு தெரியும், ஒரு டீக்கடை பெஞ்சு, ஒரு ஆளோட பாதி, அப்புறம் பெட்டி. மறுபடி போன். "அண்ணே, இன்னும் கேட்டா?" "ஆமாம்மா, கூட்ஸு. சத்தம் கேக்குதுல்ல." போன நீட்டிக் காமிச்சாரு, சாட்சிக்கு. "கேக்குது கேக்குது. எங்களுக்கு முன்னாடி ரெண்டு சோடிதான். சின்னப் பசங்கண்ணே, எங்களப் பாத்து யாருக்கு சாட்சிக்கு வந்துருக்கீங்கன்னு கேக்குதுங்க. நம்பி சாரு வெக்கப்பட்டுப் பேனாவக் கீழ போட்டுட்டாரு." சிரிச்சா. அந்தச் சிரிப்பு. எத்தன வருசமா அந்தச் சிரிப்ப அவரு மட்டுந்தான் வரவெச்சுக்கிட்டிருந்தாரு, அவளுக்குன்னு வெச்சுருந்த ஒரே மருந்து மாதிரி, வாராவாரம் போயி ஒரு ஆளப் பேசிக் காட்டிட்டு வருவாரு. ஒரு தடவ, சக்கரபாணி போயி ரொம்ப நாளு ஆயிருச்சு, எல்லாரையும் செஞ்சு முடிச்சு உக்காந்துருந்தப்ப அவளே கேட்டா. "அண்ணே, அவரு மாதிரி பேசுவியே. பேசேன்." வேணாம்மா. "பேசுண்ணே. மறந்துரும் போல இருக்கு." அப்புறம் ஒரு கனைப்பு, வாசல்ல செருப்பு கழட்டுற மாதிரி கால ஒரு தேய்ப்பு, அவ வேற பக்கம் திரும்பற நேரம் பாத்து, சாதாரணமா, "குமுதா, தண்ணி." அவ எழுந்துட்டா. எழுந்து அடுப்படிக்குப் போயிட்டா. சொம்பு சத்தம் கேட்டுச்சு, குடத்துல தண்ணி மொள்ளுற சத்தம் கேட்டுச்சு, அப்புறம் ஒரு சத்தமும் இல்ல. ரொம்ப நேரம் சத்தம் இல்ல. வாழ்க்கையில அவ்ளோ சரியா ஒரு நேரத்துல அவரு எதையும் சொன்னதில்ல. அவ திரும்பி வந்தா, சொம்போட. நீட்டுனா. என்ன பண்றதுன்னு தெரியாம வாங்கிக் குடிச்சாரு. செத்தவன் தண்ணிய நான் குடிச்சேன். அவ அதப் பாத்துக்கிட்டு நின்னா, கடைசிச் சொட்டு வரைக்கும், அப்புறம் "போதும்ணே, இனிமே அவரப் பேச வேணாம்"ன்னா. அந்த வீட்டுல அதுக்கு அப்புறம் இன்னிக்கு வரைக்கும் ஒருத்தன் தண்ணி கேக்கல. இப்ப ஒருத்தன் கேக்கப் போறான், நெசமான தொண்டையில, நெசமான தாகத்துல. அதுக்கு நான் சந்தோசப்படுறேனா. படுறேன். அத எந்தக் குரல்ல சொல்றது.

கூட்ஸோட கடைசிப் பெட்டியும் போயி, கேட்டு எழுந்துச்சு. இப்பப் போயிரலாம். பூவராகன் கால எடுத்து உதைக்கப் போட்டாரு, பின்னாடி யாரோ இருமுனாங்க. ரெண்டு இருமல். சித்தப்பா இருமல். குனிஞ்சாரு. இத்தன வருசம் குனியாத ஆளு, மொபெட்டுக்கு அந்தப் பக்கம் குத்துக்கால் போட்டு உக்காந்து, எஞ்சின் பிளக்கைப் பாக்குற மாதிரி அதத் தொட்டாரு. சுட்டுச்சு. வெள்ளை வேட்டிக் காலு ரெண்டு பக்கத்துல வந்து நின்னுச்சு, நகத்துல அழுக்கு, சித்தப்பா நகத்துல அழுக்கே இருக்காது. காறித் துப்பிட்டு அந்தக் காலு போச்சு. யாரோ. பூவராகன் எழுந்திரிக்கல. பொடவை, பை, பை எங்க, இருக்கு, கொக்கியில தொங்கி அவரு கண்ணுக்கு நேரா ஆடுது. நேத்து அதே கடையில எடுத்தாரு. பழைய கடைக்காரரு இல்ல, ஒரு பொண்ணு இருந்துச்சு. யாருக்குங்க சார்? தங்கச்சிக்கு. என்னா விசேசம்? பொறந்த நாளுன்னு வந்துருச்சு வாயில, நல்லாத் தெளிவா, சந்தோசமா. யாரு குரலு அதுன்னு வீட்டுக்கு வந்து ராத்திரி பூரா யோசிச்சாரு, கண்டுபிடிக்க முடியல. வாழக் குருத்துப் பச்சை. அரக்குல பார்டர், ஒரு சாண் அகலம். மேல வண்டிச் சத்தம் கொறைஞ்சுது. அவரு நிமிந்து, சீட்டப் புடிச்சு, உதைச்சாரு. பிடிக்கல. உதைச்சாரு. வேர்வை கண்ணுல எறங்குச்சு, நல்லவேளை வேர்வைன்னு எல்லாருக்கும் தெரியும். அந்த மணி மறுபடி அடிக்கக் கூடாதேன்னு ஒரு பக்கம் இருந்துச்சு. அடிச்சுரணும்னு இன்னொரு பக்கம் இருந்துச்சு. எது எந்தப் பக்கம்னு பாக்கறதுக்குள்ள ஒரு பைக்கு வந்து நின்னுச்சு. ஹெல்மெட்டு போட்ட ஒரு தம்பி, கண்ணாடிய மேல தூக்கிட்டு, "என்னா சார் ப்ராப்ளம்"ன்னான். "தெரியலப்பா. கெளம்ப மாட்டேங்குது. அவசரமா அந்தப் பக்கம் போகணும்." அவசரமாங்கறது எவ்ளோ நெசமா வந்துச்சு. அந்தத் தம்பி உடனே எறங்குனான். பெட்ரோல் மூடியத் தொறந்து ஆட்டிப் பாத்தான், இருக்கு சார்ன்னான். பிளக்குக் கம்பிய அமுக்குனான். "நீங்க உக்காருங்க, நான் தள்ளுறேன், ஓட்டத்துல பிடிச்சுரும்." நல்ல பையன். நல்லவங்கள்லாம் இன்னிக்குன்னு பாத்துத்தான் வருவாங்க. போன் அடிச்சுது. எடுத்துக் காதுல வெச்சாரு. அங்க பேன் சத்தம், நாற்காலி இழுக்குற சத்தம். "அண்ணே," குமுதா மெதுவாப் பேசுனா, கோயிலுக்குள்ள பேசற மாதிரி, "பேரு கூப்புட்டாங்க. அந்த ஆபீசரம்மா நல்ல மாதிரி. உங்க அண்ணன் வரட்டும், அடுத்த சோடிய முன்னாடி விட்டுர்றேன், அதுக்கு அப்புறம் மட்டும் லேட்டாக்காதீங்கன்னாங்க. கட்டிட்டு வந்த சேலையோடவே நிக்கிறேன், மாத்திக்கறதுக்கு உள்ள ஒரு ரூமு கேட்டு வெச்சிருக்கேன். கேட்டு தெறந்துட்டானா?" பூவராகன் தெறந்து கெடக்குற கேட்டப் பாத்தாரு. ஒரு சைக்கிள்காரன் ரெண்டு கையும் விட்டுட்டுத் தாண்டிப் போயிட்டிருந்தான். "இப்பதான்மா தெறந்தான். ஆனா வண்டி கெளம்ப மாட்டேங்குது. உதைச்சு உதைச்சுப் பாக்கறேன். ஒரு தம்பி தள்ளித் தரேங்கறாரு. என்னான்னே தெரியல." "அய்யோ, நீ ஏண்ணே வெயில்ல கஷ்டப்படுற," அவ பதறுனா, நெசமாவே பதறுனா, "இரு, நம்பி சாரு சிநேகிதர அனுப்புறேன்." தம்பி பின்னாடி போயி ரெண்டு கையையும் சீட்டுல ஊனி, கால மண்ணுல பதிச்சு, "ரெடியா சார்"ன்னான். பலாச்சுளைக்காரம்மாவுக்கு அதுக்கு மேல பொறுக்கல. கூடைய நகத்திட்டு எழுந்தே நின்னுருச்சு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேக்குற குரலு அதுக்கு, போனுக்கு அந்தப் பக்கமும் கேக்கும்.

"ஏந்தம்பி நீ வேற ஒடம்ப நோவ வெச்சுக்கிற? மொத தடவ கேட்டு தெறந்ததுலேருந்து நானும் பாக்குறேன். அவரு சாவியே போடல. சட்டைப் பையில வெச்சுக்கிட்டு வெறும் வண்டிய உதைச்சுட்டு நிக்கிறாரு."